லண்டனுக்குப் போன கேக்

அனஸ்ரேசியாவின் புருசனுக்கு நான் தோசைக்கல்லால் அடித்த கதை ஒஸ்லோவில் பாதித் தமிழருக்குத் தெரியும். மற்றப் பாதிக்கு, நான் அவன் மண்டையைப் பிளந்துவிட்டதாகத் தெரியும். மண்டை இல்லை, தோள். குறி மண்டைக்குத்தான் வைத்தேன், அவன் விலகிவிட்டான்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் வீரத்தை இல்லை, அனஸ்ரேசியாவைப் பற்றி. ஹவுகன்ஸ்டுவாவில் என் வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவளுடையது. வயது நாற்பத்தைந்துக்குக் கிட்ட, பிள்ளைகள் இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. நினைவு தப்பிய கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, அவர்களிடம் கிள்ளும் குத்தும் வாங்கிக்கொண்டு வருவாள். வீட்டுக்கு வந்து புருசன் சூசைரட்ணத்திடம் வாங்குவாள். இரண்டு இடத்திலும் அடிதான். ஒரு இடத்தில் சம்பளம் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சூசைரட்ணத்தை வெளியில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவீர்கள். கோயிலில் முன்வரிசை வாங்கில்தான் இருப்பான். செபமாலை சொல்லும்போது குரல் உருகும். யாராவது வீடு மாறினால் அலுமாரி தூக்க முதல் ஆளாக வந்து நிற்பான். தங்கமான மனுசன் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தத் தங்கத்தை உரைத்துப் பார்த்தது அவள் முதுகு ஒன்றுதான். மேல்வீட்டில் எனக்கு எல்லாம் கேட்கும். முதலில் கதிரை விழும். பிறகு அவன் குரல். பிறகு, மாவைப் பிசைந்து பலகையில் அறைவது போல ஒரு சத்தம். அவள் குரல் மட்டும் கேட்காது.

நான் இறங்கிப் போய்க் கதவில் இடிப்பேன். சிரித்துக்கொண்டே திறப்பான். "ஒண்டுமில்லை அக்கா, அலுமாரியை இழுத்து வைச்சனாங்கள்" என்பான். அந்த வீட்டு அலுமாரி இழுபட்ட அளவுக்கு அது நோர்வேயைச் சுற்றியே வந்திருக்கவேண்டும். இரண்டு தரம் பொலிசைக் கூப்பிட்டேன். இரண்டு தரமும் அவளே வாசலில் வந்து நின்று ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டாள். எனக்கு அவளில் வந்த கோபம் அவனில் வந்ததற்குக் குறைவில்லை.

அவளுடைய சந்தோசம் கேக். பிறந்தநாள், திருமுழுக்கு, சாமத்தியச் சடங்கு எதுவென்றாலும் எங்கள் பக்கத்துத் தமிழர் அவளிடம்தான் வருவார்கள். வீணை மாதிரிக் கேட்டால் வீணை, தாமரை மாதிரிக் கேட்டால் தாமரை. ஐசிங் பையைக் கையில் பிடித்துவிட்டால் அவள் வேறு ஆள். முதுகு நிமிரும், உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு மெல்லப் பாடுவாள். அந்த நேரம் யாராவது கூப்பிட்டால் "பொறுங்கோ" என்று அதட்டுவாள். அவள் அதட்டிக் கேட்பதற்காகவே நான் கூப்பிடுவேன்.

லண்டனில் அவளுக்கு ஒரு தம்பி, பெயர் யூட். தாய் தகப்பன் ஊரில் நடந்த யுத்தத்தில் செத்துப்போனார்கள். அவனை வளர்த்தது இவள்தான். போன வருசக் கடைசியில் அவனுக்குக் கல்யாணம் பேசிமுடித்தார்கள். பெண்வீடு பெரிய இடம். மே மாதம் கல்யாணம். கேக்கை அக்காதான் செய்து கொண்டுவரவேண்டும் என்று யூட் ஒற்றைக் காலில் நின்றான். சூசைரட்ணம் தனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டதால் அவள் தனக்கு மட்டும் ரிக்கற் போட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தனியாகப் போகப்போகிற முதல் பயணம் அதுதான். தெரிந்த நாளிலிருந்து படியேறும்போதே அவளுக்குக் கால் துள்ளியது.

கல்யாணத்துக்குப் போகும் எங்கள் ஊர் ரிச் கேக்கை நினைத்தவுடன் செய்யமுடியாது. மாதக்கணக்கில் ஊறவேண்டும். தை மாதம் ஒரு சனிக்கிழமை, சூசைரட்ணம் வேலைக்குப் போன பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் அவள் குசினியில் கூடிப் பழம் வெட்டினோம். பேரீச்சம்பழம், செரி, இஞ்சிப்பாகு, பூசணித் தோசி, கஜு எல்லாம் மலை மாதிரிக் குவிந்தன. நான் சனி விரதக்காரி. பிராண்டியை ஊற்றும்போது மூக்கைப் பொத்தினேன். "மணத்தாலை விரதம் முறியாது அக்கா, நான் மாதாவிட்டைக் கேட்டிட்டன்" என்றாள் அனஸ்ரேசியா. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நோர்வேக்காரி யன்னலைத் திறந்து பார்த்தாள்.

சித்திரையில் பூ வேலை தொடங்கியது. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் உள்ள காட்டில் பனி கரைந்ததும் தலைநீட்டும் சின்ன வெள்ளைப் பூவைக் கண்டிருப்பீர்கள். ரோசாப்பூ வேண்டாம், இந்தப் பூத்தான் என்று அவள் பிடிவாதம். வேலையால் வந்து சப்பாத்துச் சேறோடு காட்டுக்குள் போய்க் குந்தியிருந்து பார்ப்பாள். ஒன்றைப் பிடுங்கி வந்து என் யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "இதழுக்குப் பின்பக்கம் ஒரு ஊதா இருக்கு, பாத்தனீங்களோ? கடவுள் பின்பக்கத்துக்கும் வேலை செய்திருக்கிறார்" என்பாள். சீனி மாவில் இதழ் இதழாக உருட்டி, முட்டைத் தட்டுகளில் வைத்துக் காயவிட்டாள். தட்டுக்கு மேல் தட்டாகக் குசினி நிறையப் பூ.

அந்த நேரத்தில் கோயில் வாசலில் யாரோ ஒரு புண்ணியவான் சூசைரட்ணத்தைச் சீண்டியிருக்கிறான். மனுசியைத் தனிய லண்டனுக்கு விட்டிட்டு நீர் இஞ்சை பாண் தின்னப்போறீரோ என்று. பகிடிதான். வெளியில் எலி, வீட்டில் புலி என்கிற சாதிக்குப் பகிடி விளங்காது.

பூசை முடிந்து வந்த ஞாயிறு மத்தியானம். நான் மேலே தோசை சுடக் கல்லைக் காயவைத்திருந்தேன். கீழே நடந்ததை அவள் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். அவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முட்டைத் தட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கினான். அவளைக் கதிரையில் இருத்தி, பார் என்று சொல்லிவிட்டு, பெருவிரலால் ஒவ்வொரு பூவாக நசித்தான். ஒன்றுக்கும் அவசரப்படவில்லை. மூன்றாவது தட்டில் அவள் குறுக்கே கை நீட்டினாள். அந்த வலது கையைப் பிடித்து மேசை லாச்சிக்குள் வைத்து, முழங்காலால் லாச்சியை அடித்துச் சாத்தினான். திறந்தான். திரும்பவும் சாத்தினான்.

அன்றைக்குத்தான் முதல்முதல் அவள் குரலைக் கேட்டேன். அது மனிசக் குரலாக இல்லை.

கல்லின் பிடியில் துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு அப்படியே இறங்கினேன். கதவு பூட்டியிருக்கவில்லை. அவன் என்னைக் கண்டு சிரிக்க வாயைத் திறந்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. ஓங்கி அடித்தேன். சட்டை கருகிய மணமும் தோல் பொசுங்கிய மணமும் ஒன்றாக வந்தது. அவன் சுவரோடு சாய்ந்து விழுந்தான். இன்னொரு அடிக்குக் கையை ஓங்கினேன். அவள் தன் இடது கையால் என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அந்த ஒரு கணத்தில் அவளையும் அடித்திருப்பேன், அவ்வளவு ஆத்திரம்.

அவளை அவசர மருத்துவத்துக்குக் கொண்டு போனேன். இரண்டு விரல் முறிந்திருந்தது. எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார். "லாச்சி நெரிச்சது" என்றாள். நான் வாயைத் திறக்க, என் தொடையில் கிள்ளினாள். வெளியே வந்ததும் வெடித்தேன்.

"உனக்கு விசரோ? உன்னைக் கொண்டு புதைக்கேக்கையும் லாச்சிதான் கொண்டது எண்டு சொல்லுவியோ?"

"அக்கா, இண்டைக்குப் பொலிஸ் எண்டால் இண்டைக்கே கதை லண்டனுக்குப் போயிடும். பொம்பிளை வீட்டுக்காரர் எங்கடை குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பினம்? யூட்டின்ரை சம்பந்தம் குழம்பும். அப்பாவின்ரை இடத்திலை நிக்க அத்தானும் வரோணும் எண்டு அவன் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். கலியாணம் முடியட்டும்."

"முடியிற வரைக்கும் நீ இருக்கோணுமே!"

அவள் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இனித்தான் வேடிக்கை. அவள் அடி வாங்கிய இத்தனை வருசத்தில் அந்த வீட்டுப் படியை ஒருவரும் மிதிக்கவில்லை. அவன் தோளில் ஒரு அடி விழுந்ததும் தமிழ்ச் சங்கத் தலைவர் இந்திரகுமார் நாலு பெரிய மனிதரைக் கூட்டிக்கொண்டு, அப்பிளும் முந்திரிகைக் குலையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது அல்லவா? நோயாளி சோபாவில் தோளில் கட்டோடு சாய்ந்திருந்தான். விரலில் கட்டோடு அவள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

"சிவகாமி அக்கா, பொம்பிளை ஆம்பிளைக்குக் கை நீட்டுறது எங்கடை சனத்துக்குள்ளை இல்லாத வழக்கம்" என்று தொடங்கினார் இந்திரகுமார்.

"ஆம்பிளை பொம்பிளைக்கு நீட்டுறது இருக்கிற வழக்கமோ? அதுக்கு ஒருக்காலும் அப்பிளோடை வந்ததைக் காணேல்லை."

"அது குடும்பப் பிரச்சினை. நாங்கள் உள்ளுக்கை போகேலாது."

"இப்ப மட்டும் எந்த வழியாலை உள்ளுக்கை வந்தனியள்?"

மற்றவர்கள் இருமினார்கள். பிறகு கூடிப் பேசி, பிரச்சினையின் வேரைக் கண்டுபிடித்தார்கள். அவள் தனியப் போவதுதான் வேர். தோளடிக்கு மருத்துவ லீவும் கிடைத்திருக்கிறது, சூசையும் கூடப் போனால் தீர்ந்தது. ஒருவர் அங்கேயே போன் எடுத்து, அதே விமானத்தில் இடம் பிடித்தும் கொடுத்துவிட்டார். பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்கவில்லை, அவனுக்கு முன்னால், அவளுக்குக் கடைசி வரிசை. சரி, பாதகமில்லை என்றார்கள். பாம்பும் சாகவில்லை, தடியும் முறியவில்லை. முறிந்தது விரல்தான், அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

"நீர் என்ன சொல்லுறீர், தங்கச்சி?" என்று கடைசியில் அவளிடமும் கேட்டார்கள்.

அவள் இடது கையில் தட்டத்தை ஏந்தி, கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தாள். "ஓம் அண்ணை. அவரும் வரட்டும். அவர்தானே அப்பாவின்ரை இடத்திலை நிக்கோணும்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணியைக் குடிக்காமல் மேலே வந்துவிட்டேன். இனி உன் முகத்தில் முழிக்கமாட்டேன் என்று மனதுக்குள் சபதம். அந்தச் சபதம் இரண்டு நாளும் தாங்கவில்லை. கதவைத் தட்டி நின்றாள். "அக்கா, எனக்கு ஒரு வலக்கை வேணும்" என்றாள்.

அப்படித்தான் நான் அவளுக்கு வலக்கை ஆனேன். நசிந்த பூக்களை எல்லாம் திரும்பச் செய்யவேண்டும். நான் மாவைத் தட்டிக் கொடுக்க, அவள் இடது கையால் இதழ் வெட்டினாள். முதல் நாள் ஒன்றும் சரிவரவில்லை. பையைப் பிடிக்க எனக்குத் தெரியாது, என் விரல் ஒவ்வொன்றும் மரவள்ளிக்கிழங்கு. ஐசிங் என் மூக்கில் பீச்சியடித்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போது விலா நொந்து "அம்மா" என்றாள். விலாவிலும் அடி இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பிறகு பழகிவிட்டது. இடது கைப் பூக்கள் கொஞ்சம் கோணல். "காட்டுப்பூ நேராவோ பூக்குது?" என்று அவளே தன்னைச் சமாதானப்படுத்தினாள். பின்பக்கத்து ஊதாவை மறக்காமல் தடவினாள். சத்தியமாகச் சொல்கிறேன், முந்தியதைவிட இவைதான் வடிவு.

ஆனால் இன்னொரு வேலையும் பார்த்தாள், அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவனை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போய் கோட் சூட் எடுத்துக் கொடுத்தாள். கழுத்துப்பட்டி அவளே தெரிந்தெடுத்தாள். சேட்டுகளை ஒற்றைக் கையால் அயன் பண்ணினாள். பெண்வீட்டாருக்கு முன்னால் பேச நாலு வரி எழுதிக் கொடுத்துப் பாடமாக்கவும் வைத்தாள். அவன் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்ப்பது எனக்கு மேலே கேட்கும். மாப்பிள்ளைக்கே அவ்வளவு ஆயத்தம் இருந்திருக்காது.

"உனக்குச் சூடு சொரணை இல்லையோ?" என்று கேட்டேன்.

"அவர் வடிவா நிக்கோணும் அக்கா" என்றுவிட்டு அடுத்த சேட்டை எடுத்து விரித்தாள்.

புறப்படுகிற நாள் வந்தது. என் பழைய வான் வண்டியில் விமான நிலையம் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. கேக் மூன்று தட்டும், பூப்பெட்டிகளும், கல்யாணத்துக்கு அவள் கட்ட இருந்த சேலையும் எல்லாம் அவனுடைய பெரிய பெட்டிகளுக்குள். அவளுக்கென்று ஒரு தோள்பை மட்டும். படிக்கட்டில் பெட்டியைத் தூக்கியவன் பாரம் தாங்காமல் நிறுத்தினான். "சனியன், கல்லே அடைஞ்சு வைச்சிருக்கிறாய்?" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே அவள் காதோடு சேர்த்து அறைந்தான். பொட்டென்று கேட்டது. அவள் கைப்பிடிக் கம்பியில் மோதி நிமிர்ந்தாள். நான் பாய, என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளி நிறுத்தினாள். "பெட்டியை நேராப் பிடியுங்கோ, கேக் சரியும்" என்று அவனிடம் சொன்னாள். காது மடலில் இரத்தம் கசிந்தது.

விமான நிலையத்தில் பெட்டிகளை எல்லாம் அவன் பெயரில் போட்டார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "போயிட்டு வாறன் அக்கா" என்றாள். போய்த் தொலை என்றுதான் எனக்கு வாயில் வந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். திரும்பி வண்டிக்குப் போக மனமில்லாமல் ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தேன். கோப்பி ஆறிப்போனது.

போன் அடித்தது. "அக்கா, நிக்கிறியளோ, போயிட்டியளோ?"

அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். தனியே.

கடவுச்சீட்டுப் பார்க்கிற இடத்தில், வயிற்றைக் கலக்குது, நீங்கள் முன்னுக்குப் போய் ஏறுங்கோ, என்ரை இருக்கை பின்னாலைதானே என்று சொல்லியிருக்கிறாள். அவன் முறைத்துவிட்டுப் போய்விட்டான். அவள் கழிவறைக்குள் நின்று, தன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஏறாத ஆளின் பெட்டியை இறக்காமல் விமானத்தை விடமாட்டார்கள், ஆனால் அவள் பெயரில் பெட்டி ஒன்றும் இல்லாதபடியால் இறக்கவும் எதுவும் இல்லை. விமானம் கேக்கோடும் அவனோடும் போய்விட்டது.

"விசரி! அது உன்ரை தம்பியின்ரை கலியாணமெல்லோ!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

"அவனுக்குக் கேக் போயிட்டுது. அப்பாவின்ரை இடத்துக்கு ஆளும் போயிட்டுது. கலியாணம் ஒரு குறையும் இல்லாமல் நடக்கும். பொம்பிளை வீட்டுக்காரருக்கு முன்னாலை அவர் நல்ல பிள்ளையா நிண்டுதான் ஆகோணும். கலியாணம் முடியும் வரைக்கும் அவர் இஞ்சை வரேலாது" என்றாள். தோள்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "வீடு வெறுமையா இருக்கு அக்கா. இப்ப என்னைப் பொலிசிலை விடுங்கோ."

பொலிஸ் நிலையத்தில் இளம் பெண் ஒருத்தி காயங்களைப் படமெடுக்க வந்தாள். அனஸ்ரேசியா மேற்சட்டையைக் கழற்றித் திரும்பினாள். நான் அந்த முதுகை அன்றைக்குத்தான் பார்த்தேன். பழுத்தது, கறுத்தது, இடுப்புப்பட்டி பட்ட தழும்பு, சிகரெட் வைத்த வட்டம். அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்தாள். நான் தோசைக்கல்லை நினைத்துக்கொண்டேன், ஒரு அடியோடு விட்டுவிட்டேனே என்று.

அவன் லண்டனில் இறங்கிப் போன் பண்ணினான். யூட் பக்கத்தில் நின்றபடியால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கதைத்தான். தலை சுற்றி விழுந்துவிட்டேன், ஏற விடவில்லை, நீங்கள் நின்று நடத்திவிட்டு வாங்கோ, எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள் என்றாள். மனுசி தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று சபையில் சொல்ல அவனுக்கு மானம் விடுமா? அடுத்த நாளே வீட்டுப் பூட்டு மாற்றினோம். அவன் திரும்பி வந்தால் கிட்டவே வரக்கூடாது என்று பொலிஸ் கட்டளையும் எடுத்தது.

சனிக்கிழமை என் குசினி மேசையில் போனைச் சாத்தி வைத்துக் கல்யாணம் பார்த்தோம். சேலை லண்டனுக்குப் போய்விட்டதால் அவள் என் சேலையைக் கட்டியிருந்தாள். வெள்ளைப் பூ வழிகிற மூன்று தட்டுக் கேக்கைக் கண்டதும் அங்கே மண்டபம் முழுக்க "ஆ" என்றது. சூசைரட்ணம் கோட் சூட்டோடு எழும்பி, பாடமாக்கிய நாலு வரியைத் தடங்காமல் சொன்னான். கைதட்டினார்கள். பிறகு யூட் போனைக் கையில் எடுத்தான்.

"அக்கா, இப்ப சுகமோ? நீங்கள் இல்லாமல் எனக்கு ஒண்டும் நல்லா இல்லை."

அவள் கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே இறக்கினாள். "எனக்கு ஒண்டும் இல்லை ராசா. சிரி. படம் எடுக்கிறாங்களெல்லோ, சிரி." அவன் சிரித்தான். "கேக் எப்பிடி?" என்று கேட்டாள். அவன் ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு பெருவிரலைக் காட்டினான்.

போன் நின்றது. அவள் இருண்டுபோன போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பிறகு எழும்பி வந்து என்னை அடிக்கத் தொடங்கினாள். நெஞ்சில், தோளில், முகத்தில். "நான் தூக்கி வளத்த பிள்ளை அக்கா, நான் வளத்த பிள்ளை" என்று கத்திக் கத்தி அடித்தாள். முதலில் இடது கையால், பிறகு முறிந்த கையாலும். நான் அவளைத் தடுக்கவில்லை. அவள் கட்டு மேசையில் அடிபடாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன்.